நடுவில் நின்ற சிவப்புக் கோடு

மருந்துக்கடை வேலை முடிந்து திரும்பியவள் தன் வீட்டுக் கதவைக்கூடத் திறக்காமல் நேரே மாடியேறினாள். மேல்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற காப்பீட்டு சர்வேயர். எரிந்துபோன கடையின் கரியைப் பார்த்தே தீ தானாகப் பிடித்ததா, வைத்ததா என்று சொல்லிவிடும் ஆசாமி. அவர் மனைவி கணக்கு டீச்சர். அடுத்தவர் வீட்டு மர்மம் என்றால் அந்த அம்மாளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"என் பொண்ணு என்னை ஏமாத்தறா சார்," என்றாள் வந்தவள். "நான் நினைக்கறது சரின்னா இன்னியோட சனிக்கிழமைப் படம் கிடையாது. டிவியைப் பூட்டிடுவேன்."

சனிக்கிழமை மூன்று மணி அந்த வீட்டில் லேசுப்பட்ட விஷயமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, வேலைக்குப் போன கணவன் மருத்துவமனையில் இருப்பதாகத் தொலைபேசி வந்தது. அவர் திரும்பவில்லை. அதன்பின் அம்மாவும் பதினொரு வயது சிட்டுவும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே அந்தத் துப்பறியும் தொடரின் முன்னால்தான். ரத்தம் கிடையாது, பத்து வயதுக்கு மேல் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறதா என அலசி ஆராய்ந்து அம்மாவே தேர்ந்தெடுத்த தொடர். துப்பறிபவர் வாயைத் திறக்குமுன் படத்தை நிறுத்த வேண்டும். திருடன் யாரென்று இருவரும் துண்டுச்சீட்டில் எழுதி டம்ளருக்கடியில் வைக்க வேண்டும். அப்புறம்தான் முடிவு.

நேற்றுதான் அம்மா கவனித்தாள். வரும் சனிக்கிழமைக்கான பகுதிக்கடியில், பார்த்தாகிவிட்டது என்று காட்டும் சிவப்புக் கோடு முழுதாக ஓடியிருந்தது. "போர்மா, வேண்டாம்" என்று சிட்டு ஒதுக்கிய மூன்று பகுதிகளிலோ கோடு பாதியில் நின்றது.

"ஸ்கூல் விட்டு வந்ததும் முன்கூட்டியே பார்த்துடறா. போட்டியில ஜெயிக்கத்தான்," என்றார் டீச்சர். கையும் களவுமாகப் பிடித்த திருப்தி அவருக்கு.

சர்வேயர் அசையவில்லை. "போட்டியில யாரும்மா ஜெயிக்கறது?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். "ஏழு வாரமா நான்தான் சார்."

"விடையைத் தெரிஞ்சு வெச்சிருக்கறவ ஏன் ஏழு வாரமா தோக்கறா? வாங்க, பாத்துடலாம்."

கீழே சிட்டு சோபாவில் வீட்டுப்பாடத்தோடு இருந்தாள். சர்வேயர் அவளிடம் அனுமதி கேட்டே டிவியைப் போட்டார். சிட்டு ஒதுக்கிய முதல் பகுதியில், கோடு நின்ற இடத்தில், ஒரு பெண் தொலைபேசியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவதில் மருத்துவமனை நடைபாதை. மூன்றாவதில் மறுபடி தொலைபேசி. ரத்தமில்லை, பேயில்லை, பதினொரு வயதுப் பிள்ளை பயப்பட ஒன்றுமேயில்லை. டீச்சரின் முகம் மாறியது.

சந்தேகத்துக்குரியவர்களையெல்லாம் கூட்டிவைத்து விளக்குவதுதான் துப்பறியும் தொழிலில் முறை. இங்கே இருந்ததோ ஒரே ஒருத்தி, அதுவும் நகத்தைக் கடித்துக்கொண்டு.

"வயசுக்கேத்த கதைதானான்னு ஒருத்தர் ஒவ்வொண்ணா சோதிச்சிருக்காங்க," என்றார் சர்வேயர். "பொண்ணுக்காக இல்ல, அம்மாவுக்காக. தொந்தரவில்லாததை முழுசா பாத்தாச்சு. தொந்தரவு வந்ததை அந்த இடத்திலயே நிறுத்தியாச்சு. முழுசா பாத்ததுல விடை தெரிஞ்சும் நீ ஏன் தப்பா எழுதினேன்னுதான் புரியல. அதை நீதான் சொல்லணும் சிட்டு."

சிட்டு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே பேசினாள். "ஜெயிச்சா அம்மா சிரிக்கறாங்க. மத்த நாள்ல சிரிக்கறதில்ல."

ஏமாற்றுக்காரி என்று இந்தப் பிள்ளையையா நினைத்தோம் என்று அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நன்றியாக இருந்தது, யாருக்குச் சொல்வதென்று தெரியாத அளவுக்கு. மகளருகில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதையெல்லாம் நீ தனியாவா பாத்தே?"

"அதான் பாதியிலயே நிறுத்திட்டேனே," என்றாள் சிட்டு. அப்புறம்தான் அழுதாள். இரண்டு பேரும் அழுதார்கள். சர்வேயரும் டீச்சரும் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். படியேறும்போது டீச்சர், தான் அவசரப்பட்டுவிட்டதாக முதல்முறையாக ஒப்புக்கொண்டார்.

இனி யாரும் யாருக்காகவும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை, படத்தில் தொலைபேசி அடித்தால் சேர்ந்தே நிறுத்துவது என்று தாயும் மகளும் பேசி முடிவெடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை மேல்வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, இருவரும் பார்த்திராத பகுதி ஒன்றைப் போட்டார்கள். டம்ளருக்கடியில் நான்கு சீட்டுகள். தோட்டக்காரன் என்று அம்மா எழுதியிருந்தாள். சமையல்காரி என்று சிட்டு எழுதியிருந்தாள். திருடியது சமையல்காரிதான்.

அம்மா தோற்றுவிட்டாள். சிட்டு பயந்துபோய் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.