ஒரு தட்டு, இரண்டு தட்டு

ஆஸ்திரேலியாவின் இன்னிஸ்ஃபெயில் ஊரில் மழை வந்தால் சும்மா வராது. கூடைப்பந்துக் கொட்டகையின் தகரக் கூரையைப் பிய்த்துப் போட்டுவிடுவதுபோல் கொட்டும். இறுதிப் போட்டியன்றும் அப்படித்தான் கொட்டியது.

தவளைகள் அணியில் நோராவின் வேலை, முதலைகள் அணியின் வேகக்காரி டெஸ்ஸைத் தடுப்பது. மார்சியின் வேலை, நெட்டைக்காரி புரூவைத் தடுப்பது. ஆனால் டெஸ் பந்தோடு வரும்போதெல்லாம், புரூ வந்து நோராவுக்குக் குறுக்கே சுவர்போல் நிற்பாள். டெஸ் நழுவியதும் புரூவும் கூடையை நோக்கி ஓடுவாள்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. டெஸ் தூரத்திலிருந்து எறியப் பார்த்தால் நோராவும் மார்சியும் தாங்கள் தடுக்கும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். அவள் உள்ளே ஓடப் பார்த்தால், நோரா துரத்த வேண்டும். மார்சி பின்வாங்கிக் கூடையைக் காக்க வேண்டும். எந்த மருந்து என்று மார்சிதான் கத்திச் சொல்வாள்.

நோராவோ எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தாள். ஒருமுறை இருவருமே டெஸ்மேல் பாய, காவலில்லாத கூடையில் புரூ சாவகாசமாகப் பந்தைப் போட்டாள்.

இடைவேளையில் ஆரஞ்சுத் துண்டுகளைச் சப்பியபடி எல்லாரும் நோராவைத் திட்டினார்கள். மார்சியும்தான்.

"உனக்குக் காது இருக்கா இல்லையாடி?"

நோரா அழுதுவிட்டாள். இனி இந்த ஆட்டமே வேண்டாம் என்று ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது பயிற்சியாளர் ஷெரில் மார்சியிடம் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, மழைதான் கேட்டது. மார்சிக்குச் சுரீரென்றது. நேராக நோராவிடம் போய்க் காதோடு பேசினாள்.

"தப்பு உன்மேல இல்லடி. நான் கத்துறது எனக்கே கேக்கல. இனிமே முதுகுல தட்டுறேன். ஒண்ணுன்னா மாறு, ரெண்டுன்னா துரத்து."

நோரா மூக்கை உறிஞ்சினாள். "வலிக்காம தட்டு," என்றாள்.

அதன்பிறகு டெஸ்ஸுக்கு வழியே கிடைக்கவில்லை. தவளைகள் மெல்ல மெல்ல ஏறி, ஒரு புள்ளி முந்திவிட்டார்கள்.

கடைசி நொடிகளில் டெஸ் பந்தோடு வந்தாள். மழை பட்டென்று நின்றது. உடனே பெஞ்சில் பாதிப்பேர் மாறச் சொல்லியும் மீதிப்பேர் துரத்தச் சொல்லியும் கத்தினார்கள். முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. நோரா புரூவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கூடைக்கடியில் மார்சியைக் கண்டு டெஸ் தயங்கினாள். பின்னாலிருந்து நீண்ட நோராவின் கை பந்தைத் தட்டிவிட்டது. மணி அடித்தது, நோராவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

இத்தனை பேர் கத்தியதில் யார் சொன்னதைக் கேட்டாய் என்று ஷெரில் சிரித்தபடி கேட்டார்.

"யார் சொன்னதையும் கேக்கல, ஷெரில்," என்றாள் நோரா. "முதுகு சொல்லிச்சு, ஓடினேன்."