முன்பக்கம் வேர்த்த தாள்

மூட்டையின் அடியில் இருந்த சேலை நனைந்திருந்தது. தமிழ்மதி அதைக் கீழறையிலிருந்து கொண்டுவந்து கட்டிலின் ஓரத்தில் வைத்தபோது பாஸ்கல் முதலில் நம்பவில்லை. சித்திரையில் ஒரு மழை பெய்ததோடு சரி. தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. கொல்லையில் இருந்த கிணற்றில் வாளியை விட்டால் பாறையில் மோதும் சத்தம்தான் கேட்டது. ஆனால் அந்தச் சுங்குடிச் சேலையின் மடிப்பை அவன் விரலால் தொட்டபோது, அது ஈரமாக இருந்ததோடு வெதுவெதுப்பாகவும் இருந்தது.

"பூசணம் வாடையும் இல்லைங்க. மோந்து பாருங்க" என்றாள்.

முகர்ந்தான். நனைந்த துணியின் வாடை இல்லை. தூங்கி எழுந்தவர்களின் வாய் அருகே வருமே, அந்த வாடை.

இரண்டு மாதத்துக்கு முன் நத்தம் சாலையில் ஒரு மினி லாரி இடித்து அவனுடைய வலது தொடையும் இடது கணுக்காலும் முறிந்திருந்தன. இரண்டிலும் தகடு வைத்திருந்தார்கள். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் படுத்துவிட்டதால் தமிழ்மதி தன் சேலை வியாபாரத்தை வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கினாள். சரக்கு வைக்கக் கீழறை இருக்கிறதே என்றுதான் மலைக்கோட்டைக்குக் கிழக்கே இந்தப் பழைய வீட்டுக்குப் போன மாதம் குடிவந்தார்கள். அவன் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். கட்டிலுக்கு நேர் எதிரே கீழறையின் கதவு. உள்ளே பதினான்கு படிகள் என்று அவள் இறங்கும் சத்தத்தை வைத்து எண்ணியிருந்தான். ஒருமுறைகூட இறங்கிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் கொத்தனார் வேலுசாமியை வரச் சொன்னார்கள். ஐம்பது வயதுக்காரர். கீழே போய், சுவரை உளியின் காம்பால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். முகத்தில் குழப்பம் தெரிந்தது.

"தரையிலருந்து ஈரம் ஏறுனா அடிச்செவுத்துல உப்பு பூத்திருக்கணும் தம்பி. பெயிண்ட்டு கொப்பளிச்சிருக்கணும். ஒண்ணும் இல்ல. கொழா ஒழுகுச்சுன்னா ஒரு எடத்துல திட்டா இருக்கும். அதுவும் இல்ல. செவுரு பூராவும் வேர்த்த மாதிரி இருக்கு."

"அப்ப எங்கேருந்து வருது?" என்று கேட்டான் பாஸ்கல்.

"அதக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பாலித்தீன் தாள நாலு பக்கமும் காத்துப் போகாம செவுத்துல ஒட்டி வைப்போம். நாளைக்குப் பாத்தா, தாளுக்குப் பின்னால வேர்த்திருந்தா தண்ணி செவுத்துக்குள்ள இருக்குன்னு அர்த்தம். முன்னால வேர்த்திருந்தா அறைக் காத்துல இருக்குற ஈரம்."

"பூட்டிக் கிடக்குற அறையில காத்துக்கு ஏது ஈரம்?"

வேலுசாமி சிரித்தார். "சின்ன ரூம்புக்குள்ள பத்துப் பேரு படுத்தா சன்னல் கண்ணாடி வேர்க்குமில்ல. அது மாதிரி."

அடுத்த நாள் தாள் முன்பக்கம் வேர்த்திருந்தது. பின்பக்கம் பொரிகடலை போல உலர்ந்து கிடந்தது. வேலுசாமி இப்போது சிரிக்கவில்லை. பழைய தாளைக் கிழித்துவிட்டுச் சுவரின் நீளத்துக்கும் புதுத்தாள் ஒட்டினார். மூன்று நாளைக்கு யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பாஸ்கலின் கையில் கொடுத்தார்.

அந்த மூன்று நாளும் அவனுக்கு அந்தக் கதவைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மரத்தின் அடிவிளிம்பில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்பதையும், கதவுக்கும் தரைக்கும் இடையே உள்ள சந்தில் வந்து நின்ற எறும்பு வரிசை எதையோ உணர்ந்ததுபோலத் திரும்பிப் போவதையும், தமிழ்மதி கடைவீதிக்குப் போன நேரங்களில் வீடு முழுவதும் அந்தத் தூக்க வாடை லேசாகப் பரவி அவன் தலையணையில் வந்து படிவதையும் பார்த்துக்கொண்டும் முகர்ந்துகொண்டும் கிடந்தான். மூன்றாம் நாள் மதியம் மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. அப்போதுதான் கேட்டது. ஜங்ஷனில் நின்றுகொண்டிருக்கும் ரயில் பெட்டிக்குள், எல்லாரும் உறங்கும்போது, பல நெஞ்சுகள் சேர்ந்து ஏறி இறங்கும் ஓசை. அவன் தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அது அடங்கவில்லை.

தமிழ்மதி வந்ததும் சொன்னான். அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "மாத்திரை அப்படித்தாங்க செய்யும்" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் வேலுசாமி வந்து கதவைத் திறந்தபோது அவளும் கூடவே இறங்கி, போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள்.

தாள் முழுவதும் வேர்க்கவில்லை. வட்டம் வட்டமாகப் பனி படிந்திருந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கண்ணாடிக்கு அருகே வாயைக் கொண்டுபோய் ஊதினால் படியுமே, அப்படி. ஒன்று அவள் முகத்தின் உயரத்தில். இரண்டு மார்பு உயரத்தில். கடைசியாக ஒன்று, தரையிலிருந்து ஒரு முழத்தில்.

படியேறி வந்ததும் வேலுசாமி நேரே வாசலுக்குப் போய், அங்கே நின்றபடியே பேசினார். மறுபடி உள்ளே வரவில்லை.

"நாளைக்கே காலி பண்ணிருங்க தாயி. நான் இதுல ஒண்ணும் செய்ய முடியாது."

"சரக்க விட்டுரு. உயிரோட போவோம்" என்றான் பாஸ்கல். தமிழ்மதி கேட்கவில்லை. மூட்டைகளில் இருந்தவை ஆவணி முகூர்த்தங்களுக்கு வாக்குக் கொடுத்த சேலைகள். மூன்று வருடமாக அவள் பேர் எடுத்துச் சேர்த்த வாடிக்கைக்காரர்கள்.

"எட்டு மூட்டைதான. நாளைக்கு நாலு மணிக்கு ஆட்டோ வருது. நல்ல வெயில் நேரம். செத்த நேரத்துல ஏத்திருவேன்" என்றாள்.

மறுநாள் மூன்றரை மணிக்கு அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். பதினான்கு படி. ஏறினாள். பதினான்கு. ஒவ்வொரு மூட்டையையும் வாசலில் வைக்கும்போது அவனைத் திரும்பிப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையாட்டினாள். ஐந்து மூட்டை வந்தது. வெயில் சன்னல் வழியாக அவன் கட்டில் வரைக்கும் விழுந்திருந்தது. தெருவில் யாரோ தேங்காய் விற்றுக்கொண்டு போனார்கள்.

ஆறாவது முறை இறங்கினாள். பதினான்கு.

ஏறவில்லை.

"தமிழு."

"வாரேன்." குரல் தூரத்திலிருந்து வந்தது. கீழறை அவ்வளவு ஆழம் இல்லை.

"மேல வா. மூட்டை வேணாம்."

மூச்சு ஓசை மட்டும். பல மூச்சுகள். ஏறின. இறங்கின. திடீரென்று எல்லாம் ஒன்றாக நின்றன.

அவன் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழ முயன்றான். தொடையில் தகடு நெருப்பாய் இழுத்தது. கட்டிலிலேயே விழுந்தான்.

மறுபடியும் மூச்சு தொடங்கியது. இம்முறை ஒரு மூச்சு கூடுதலாக இருந்தது. வேகமாக. திணறித் திணறி. அதை அவனுக்குத் தெரியும். பதினொரு வருடமாகப் பக்கத்தில் கேட்ட மூச்சு.

கதவில் தமிழ்மதி நின்றாள்.

படியேறும் சத்தம் கேட்கவில்லை. கையில் மூட்டை இல்லை. வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நெற்றி மயிர் நனைந்து ஒட்டியிருந்தது. அவன் துடைக்கக் கையை நீட்டினான். உள்ளங்கை அவள் மூக்கின் கீழே நின்றது. காற்று வரவில்லை. காத்திருந்தான். வரவில்லை. அவள் நெஞ்சு அசையவே இல்லை.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

சொல் வந்தது. காற்று வரவில்லை. கீழே அவளுடைய மூச்சு இன்னும் திணறிக்கொண்டிருந்தது.

"கீழ எடம் இருக்குங்க. வாங்க."

அவனைத் தூக்கினாள். இத்தனை நாளும் அவளும் பக்கத்து வீட்டு அயாஸும் சேர்ந்து பிடித்தால்தான் அவனைக் கட்டிலிலிருந்து நகர்த்த முடியும். இப்போது ஒரு சேலையை எடுப்பதுபோல எடுத்தாள். அவன் அவள் தோளைத் தள்ளினான். கன்னத்தில் அறைந்தான். அவள் முகம் சுளிக்கவில்லை.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"அண்ணே, உள்ள வாங்க." பாஸ்கல் கத்தினான். "அண்ணே, என்னைய விடச் சொல்லுங்க."

"தம்பிக்கு வலிக்குதா தாயி? பதனமாத் தூக்குங்க" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஆமாண்ணே. அஞ்சு நிமிசம் இருங்க" என்றாள் தமிழ்மதி, என்றும் பேசும் குரலில்.

ஆட்டோவின் இன்ஜின் அணைந்தது. ஆட்டோக்காரர் காத்திருக்கத் தொடங்கினார்.

அவன் விரல்கள் கீழறைக் கதவின் நிலையைப் பற்றின. ஒவ்வொன்றாக வழுக்கின. மரம் அவ்வளவு ஈரம்.

முதல் படி. அவன் பாதத்தில் சூடான காற்று பட்டது. பின்வாங்கியது. மீண்டும் பட்டது.

இரண்டாவது படி.

கீழே இருட்டுக்குள், நெருங்கி உட்கார்ந்திருப்பவர்கள் வந்தவனுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்காரும் சரசரப்பு கேட்டது.