தோளில் ஒரு புள்ளி

புயலின் அறைச் சுவரில் ஓர் ஆறு ஓடியது. மூன்றே கோடுகள்தான்: 川. ஆனால் ஜன்னல் திரை அசையும்போது அந்தக் கோடுகளும் அசையும். கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் தண்ணீர் போகிற சத்தம்கூடக் கேட்கும். பக்கத்தில் 山, மூன்று உச்சி உள்ள மலை. அதன்மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள் புயல். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்தான் இறங்கி வருவாள்.

புயல் என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். எதையும் அவசர அவசரமாகச் செய்வாள். ஜப்பானிய எழுத்துகளைப் படிப்பதும் அப்படித்தான்.

சித்தப்பா ஜப்பானில் வேலை பார்க்கிறார். அவர் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள்; வீட்டில் தமிழும் பேசுவாள். இந்த விடுமுறைக்குத்தான் முதல் முறையாக வருகிறாள். அந்தத் தங்கையோடு ஜப்பானிய மொழியில் பேசவேண்டும் என்று புயலுக்குக் கொள்ளை ஆசை.

ஒவ்வொன்றும் ஒரு சொல்லாக நிற்கும் அந்த எழுத்துகளுக்குக் காஞ்ஜி என்று பெயர்.

“கஞ்சி ஆறிடப்போகுது, சீக்கிரம் படி!” என்று அப்பா கிண்டல் செய்வார்.

தினமும் ஒரு புது எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டினாள். சுவரில் இடம் தீர்ந்தது. உடனே பழைய தாள்மேலேயே புதியதை ஒட்ட ஆரம்பித்தாள். ஆறு மறைந்தது, மலையும் மறைந்தது.

“பழசையும் அப்பப்ப ஒரு தடவ பாரேன்டி,” என்றாள் அம்மா.

“அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடும்மா!”

சில மத்தியானங்களில் கண் சொக்கும்போது, தாள்களுக்கு அடியில் யாரோ முனகுவது போலிருக்கும். ‘எங்களை மறந்துட்டியா?’

“நாளைக்குப் பாக்கறேன்,” என்று புயல் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

தங்கை வரும் நாள் வந்தது. வீட்டிலேயே பெரிய அறை புயலுடையதுதான். அதைத் தங்கைக்கே கொடுப்பதாக முடிவு செய்தாள். கதவில் ‘பெரிது’ என்ற எழுத்தை ஒட்டினால் தங்கை எவ்வளவு சந்தோஷப்படுவாள்! அது புயல் முதன்முதலில் படித்த எழுத்து. எடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. கடகடவென்று எழுதி ஒட்டினாள்: 犬.

சித்தப்பாவும் சித்தியும் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். தங்கை துள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். கதவைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

“இனு!” என்று அலறியபடி வெளியே ஓடிவிட்டாள்.

“நாயா? இங்க ஏதும்மா நாய்?” என்றார் சித்தப்பா. நாய் என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும்.

“கதவுல எழுதியிருக்கே! நான் உள்ள வர மாட்டேன்.”

வாசல் படியில் உட்கார்ந்தவள் அசையவே இல்லை.

“இவ பிடிச்சா பிடிதான்,” என்று சித்தப்பா அப்பாவிடம் சங்கடமாகச் சொன்னார். “நாங்க ஹோட்டல்லயே தங்கிக்கறோம்.”

இத்தனை நாள் காத்திருந்தது தங்கையை ஹோட்டலுக்கு அனுப்பவா?

சுவரிடம் ஓடினாள். தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அந்த முதல் எழுத்து: 大. ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து ‘இவ்ளோ பெருசு!’ என்று காட்டுவது போல நின்றது. அதன் தோளில் புள்ளி இல்லை. புள்ளி வைத்தால் அது நாய்!

“ஐயோ, நான்தான் நாயைக் கூட்டிட்டு வந்திருக்கேன்!”

வேறு தாளில் சரியாக எழுதிவிடலாம். ஆனால் தங்கையின் மனதில் குரைக்கிற நாய் எப்படிப் போகும்? புயல் முதல் முறையாக அவசரப்படாமல் யோசித்தாள். பிறகு கதவில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பாரு, இந்த நாயை விரட்டப்போறேன்.”

புள்ளி இருந்த மூலையைச் சர்ரென்று கிழித்தாள். கசக்கி உருட்டிப் படிகளில் வீசினாள்.

“போ! ஓடிப் போ!”

காகித உருண்டை குதித்துக் குதித்து இறங்கி மறைந்தது. தங்கை கழுத்தை நீட்டி அது போவதைப் பார்த்தாள். பிறகு புயலின் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

“பெரிசு?”

“ஆமா, உனக்குப் பெரிய ரூம். நான்தான் தப்பா எழுதிட்டேன். பயந்துட்டியா?”

தங்கை தலையாட்டினாள். பிறகு களுக்கென்று சிரித்து, புயலின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அந்த மத்தியானம் முழுவதும் இருவரும் பழைய தாள்களைத் தரையில் பரப்பினார்கள். தங்கை ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். புயலும் சொன்னாள். ஆறு மறுபடி ஓடியது. இரண்டு பேரும் அதில் காலை நனைத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஜில்லென்றிருந்தது.

“இன்னிக்குப் புதுசு ஒண்ணும் இல்லையா?” அம்மா எட்டிப் பார்த்தாள்.

“முதல்ல பழசோட கொஞ்ச நேரம். அப்புறம்தான் புதுசு, அதுவும் ஒண்ணே ஒண்ணு. இனிமே அப்படித்தாம்மா.”

“அந்த ஒண்ணை நான் சொல்லித் தரேன்!”

தங்கை மூலை கிழிந்த தாளை எடுத்தாள். இந்த முறை கால்களுக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தாள்: 太. அதற்கு என்ன பொருள் என்று புயலின் காதில் சொன்னாள். புயல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூடத்தில் சித்தப்பா குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருவரும் பூனை நடை நடந்து போனார்கள்.

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, சித்தி அவர் முதுகைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கே ‘குண்டு’ என்ற அந்த எழுத்து ஒட்டியிருப்பது தெரியாமல், சித்தப்பாவும் கூடச் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.