எலிப்பொறிக்கும் அடைகோழிக்கும் நடுவே

மழை பிடித்துக்கொண்டபோது ரீத்தாவின் ஒரு கையில் எலிப்பொறி, மறு கையில் கூடை, கூடைக்குள் அடைகோழி. எதிரே வளைவில் மணியடிக்காமல் வந்தது ஒரு சைக்கிள்...

கோழி ஒரு பக்கம் பறந்தது. ரீத்தா டீச்சர் குளச்சல் சாலையின் சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ண எங்க வச்சிட்டு வாறிய?"

"ரோட்டுலதான் வச்சேன். கோழியப் பாத்தேன்... டீச்சரப் பாக்கல்ல."

மேலே சண்டை போட முடியவில்லை. இடது மணிக்கட்டு விலகி, உயிர் போகிற வலி. அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு சேற்றிலேயே மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தான்.

"உங்க கோழிக்கி பேரு என்ன?"

"கோழிக்கி எதுக்குப் பே..."

மளுக்கென்று ஒரு சத்தம். வலி போய்விட்டது. நிமிர்ந்தாள். மழை சொட்டும் இமைகளுக்குக் கீழே சிரிக்கிற இரண்டு கண்கள்... வந்த கோபத்தைக் காணோம்.

அவன் பெயர் கிளீட்டஸ். சந்தைப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியன். கோழியையும் பிடித்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போய் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணி சுற்றினான்.

"இத நானே வந்துதான் அவுக்கணும். கட்டுன கைதான் அவுக்கணும்ங்கது எங்க குடும்ப வழக்கம். வேற ஆளு தொட்டா எலும்பு பிணங்கீரும்."

"சரி" என்றாள் ரீத்தா, நல்ல பிள்ளையாக.

"கோழியும் எலிப்பொறியுமா எங்க போனிய?"

சொன்னாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருகிறார். ஒரே ஆங்கில வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று பொருட்களைக் காட்டிப் பாடம் நடத்த வேண்டும். நன்றாக நடத்தினால் வேலை நிரந்தரம். அவள் எடுத்த வார்த்தை 'செட்'. பொறி வைத்தால் செட். கோழியை அடைவைத்தால் செட். கருப்பட்டிப் பாகு சிரட்டையில் உறைந்தால் செட். கோப்பையும் சாஸரும் சேர்ந்தால் செட். சூரியன் கடலில் விழுந்தாலும் அதே செட்தான்.

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று தன் கையைப் பார்த்தாள். எலும்பைச் சேர்த்து வைத்தாலும் செட்டல்லவா...

"நாளைக்கு நீங்களும் பள்ளிக்கூடத்துக்கு வரணும்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மறுநாள் எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெளுத்த சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றான். பாடம் நடத்தும் பதற்றத்தில் ரீத்தா அவனை எலிப்பொறிக்கும் அடைகோழிக்கும் நடுவே நிறுத்திவிட்டாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பிரம்பால் பொறியைத் தொட்டார். "செட்" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பிரம்பு கிளீட்டஸின் நெஞ்சைத் தொட்டது. "செட்." கோழியைத் தொட்டது. "செட்." கோழிக்கு என்ன கோபமோ, கழுத்தை நீட்டி அவன் கால் பெருவிரலை ஒரு கொத்து கொத்தியது. வகுப்பே உருண்டு சிரித்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவும் சிரித்தார். அவசரத்தில் ரீத்தாவும் சிரித்துத் தொலைத்தாள்.

அவன் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போனான்.

வேலை நிரந்தரமாயிற்று. கட்டு அவிழ்க்க அவன் வரவில்லை. எலும்பு சேரும் காலமெல்லாம் கடந்தும் வரவில்லை. அழைக்கப்போக அவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. முட்டையும் உளுந்தும் நாள்பட நாள்பட... நாற்றத்தைக் கேட்க வேண்டுமா? பூனைகள் அவளைப் பள்ளிக்கூடம் வரை வழியனுப்பின. முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள்.

"ஏட்டி, நாசுவனக் கூப்பிட்டு அறுத்துப் போடச் சொல்லட்டா?" என்றார் அப்பா மரியான், மூக்கைப் பொத்திக்கொண்டு. வாழ்நாளெல்லாம் மீன் வியாபாரம் செய்த மூக்கு அது.

"கட்டுன ஆளுதான் அவுக்கணும்பா" என்று அழாத குறையாகச் சொன்னாள். கை அல்ல, அவன் இனி வரவே மாட்டானோ என்ற நினைப்புதான் வலித்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கௌரவத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வைத்தியசாலைக்கு நடந்தாள். கால் சுளுக்கிய கிழவர் வரை எல்லாரும் போன பிறகே அவன் நிமிர்ந்தான்.

"இன்னுமா அவுக்கல்ல?"

"அன்னைக்கு உங்கள அப்பிடி நிறுத்துனது தப்பு. சிரிச்சது அதவிடத் தப்பு. மன்னிக்கணும்."

"பொறி, நான், கோழி... அந்த வரிசைதான் மனசுல நிக்கி டீச்சர்" என்றான். ஆனால் உதட்டோரம் இளகிவிட்டது. முடிச்சைத் தொட்டவன் நின்றான். "ஒண்ணு சொல்லணும். கட்டுன கைதான் அவுக்கணும்னு ஒரு வழக்கமும் எங்க குடும்பத்துல கிடையாது."

"பின்ன எதுக்குச் சொன்னிய?"

"உங்கள மறுபடி பாக்கணுமே..."

ரீத்தா தலையைக் குனிந்துகொண்டாள். காது வரை சிவந்திருந்தது.

"அது பொய்னு எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டு தேவகனி அக்கா நீங்க போட்ட கட்ட அவளே அவுத்துப் போட்டா. அடுத்த நாளே தண்ணி எடுக்கப் போனா."

கிளீட்டஸ் முடிச்சிலிருந்து கையை எடுத்தான். "பின்ன... இத்தன நாளு இந்த நாத்தத்த எதுக்குச் சுமந்திய?"

"நீங்க வருவியன்னுதான்."