ஜன்னலை மூடச் சொன்ன மனு

அந்த வாரம் மணலிக்குறிச்சியில் யாரைப் பார்த்தாலும் நெற்றிப்பொட்டில் காசளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். தடமானியை ஒட்டி எடுத்த இடம். இரண்டு நாளில் மறைந்துவிடும், அரிப்பு மட்டும் ஒரு வாரம் இருக்கும். டீக்கடையில் பேச்சே அதுதான். "உனக்கு யார் பேருப்பா வந்துச்சு?" "என் மச்சினன் பேருதான் பாதி. வெளியே சொல்லித் தொலைக்காதே, அவனுக்குத் தலைக்கனம் வந்துடும்."

கடந்த ஐந்து ஆண்டில் ஒருவர் தலைக்குள் புதிதாகப் போனதெல்லாம் யார் குரல் வழியாகப் போனது என்று தடமானி பங்கு பிரித்துச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. அளவு ரகசியம், அளந்தவருக்கும் அளக்கப்பட்டவருக்கும் மட்டும் தெரியும். பேரூராட்சி இவ்வளவு விலை கொடுத்து அதை வாங்கியதற்குக் காரணம் ஒரே ஆள், தணிகாசலம்.

தணிகாசலம் ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி. வரிதாரர் சங்கத்தின் செயலாளர். மனைவி போய் ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. ஆசிரியர் சம்பளத்தை உள்ளூர் வீட்டு வரியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று சட்டம் மாறிய நாளிலிருந்து, கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று ஒரே பாட்டுத்தான் பாடினார்.

"பத்தொன்பது பிள்ளைங்க. ஒரே ஒரு டீச்சர். மாசம் ஒரு லட்சத்து நாப்பதாயிரம். பாடம் நடத்துறது வீட்ல இருக்கிற ஆசான் பொறி. அப்புறம் இந்தம்மாவுக்கு நாம எதுக்குங்க அழணும்? அளந்து பார்த்துடலாமே!"

அளந்து பார்ப்பது என்று முடிவானதும் விதியையும் அவரே எழுதினார். ஊரில் ஒருவர் தலையிலாவது அந்த ஆசிரியரின் தடம் கால் பங்கைத் தாண்டினால் வேலை நிலைக்கும். தாண்டாவிட்டால் பள்ளியை மூடிவிடலாம். சம்பளத்தை அவரவர் தடத்துக்கு ஏற்ப அந்தந்த வீடு கட்ட வேண்டும். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஒருவரும் கால் பங்கைத் தொட மாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மனுஷன் லேசுப்பட்டவரா என்ன!

அப்படியேதான் நடந்தது. பத்தொன்பது பிள்ளைகளில் அதிகம் வந்த அளவே ஒன்பது சதவீதம் என்று பெயர் சொல்லாமல் அறிவித்தார்கள். மீதியெல்லாம் ஆசான் பொறி, அம்மா, மாமா, தெருப் பையன்கள். குழந்தையின் காதில் விழும் குரல் ஒன்றா இரண்டா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலில் ஃபிலோமினா டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தணிகாசலம் பால் வாங்கிக்கொண்டு திரும்பினார். ஒதுங்க வழியில்லை.

"திங்கக்கிழமையோட முடிஞ்சிடும்னு சொல்றாங்க சார்," என்றார் டீச்சர்.

"எனக்கு உங்க மேல ஒண்ணும் கோபம் இல்லம்மா. கணக்கு அப்படி வருது."

"தெரியும் சார். நீங்க தப்பா எதுவும் எழுதல." டீச்சர் சைக்கிள் மணியைக் காரணமில்லாமல் ஒரு முறை தட்டினார். "எட்டு வருஷமா ஒரே ரூம். அதான் கொஞ்சம் என்னமோ மாதிரி இருக்கு."

ஊரில் கடைசியாக அளக்க வேண்டிய தலை தணிகாசலத்துடையது. சனிக்கிழமை காலையில் பேரூராட்சியின் அளவைப் பெண் யாழரசி பெட்டியோடு அவர் வீட்டு மாடிக்கு வந்தாள். பால்கனிக்கு எதிரே, பத்தடி தள்ளி, வகுப்பறையின் மூன்று ஜன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன. உள்ளே விசிறி ஓடி ஏழு வருஷமாகிறது. பழுது பார்க்கும் செலவை ஒவ்வொரு கூட்டத்திலும் வெட்டியவர் இவர்தான். "ஜன்னல் எதுக்கு இருக்கு?" என்பார்.

தடமானி பத்து நிமிஷம் முனகியது. யாழரசி திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்னம்மா? பூஜ்யம்தானே?"

"அறுபத்தொண்ணு சார்."

"யாரு?"

"ஃபிலோமினா டீச்சர். அறுபத்தோரு சதவீதம்."

"மெஷின்ல கோளாறு. நான் அந்த வாசப்படியை மிதிச்சது கிடையாது."

யாழரசி பட்டியலைத் தள்ளிப் படித்தாள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. நிலா ஏன் கூடவே வருகிறது. பதினொன்றாம் எண் முகிலன், தினமும் தாமதமாக 'உள்ளேன் டீச்சர்' சொல்வான். மூன்றாம் எண் ஆயிஷாவுக்கு 'ழ' வந்துவிட்டது. முகிலன் வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று வெள்ளை.

தணிகாசலத்தின் காது சிவந்தது. ஒன்பதரை மணிக்குக் காபியோடு இந்த நாற்காலியில் வந்து உட்காருவார், மூன்றரைக்கு எழுந்திருப்பார். பேப்பர் படிப்பதாகத்தான் அவர் நினைப்பு.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள் யாழரசி. "டீச்சர் ரொம்பச் சொல்லிக் கொடுத்ததால இவ்வளவு வரல. உங்ககிட்ட வேற யாரும் பேசல. அதான் பங்கு இவ்வளவு பெருசாத் தெரியுது."

அவர் ஐந்து வருஷத்தில் தன்னிடம் யார் என்ன பேசினார்கள் என்று யோசித்துப் பார்த்தார். பால்காரர், தபால்காரர், சங்கக் கூட்டம். கூட்டத்திலும் பேசியது இவர்தான்.

"மறுப்பு எழுதிக் கொடுத்தா இந்த அளவை நீக்கிடலாம் சார். அது உங்க உரிமை. அப்போ பள்ளிக்கூடம் மூடிடும். ஒத்துக்கிட்டா டீச்சர் இருப்பாங்க. ஆனா உங்க பென்ஷன்ல பாதி வரிக்கே போயிடும்."

பேனாவை வாங்கினார். திங்கட்கிழமை ஒன்பதரை மணி நினைவுக்கு வந்தது. பெயர் கூப்பிடும் குரல் இல்லாத ஒன்பதரை மணி. அதற்குப் பின்னால் வரும் பத்து மணி, பதினோரு மணி. பயமாக இருந்தது. உண்மையாகவே பயமாக இருந்தது. ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"பேரூராட்சிப் பலகையில வீட்டு வாரியா தொகை ஒட்டுவோம். உங்க பேருக்கு எதிரே என்ன காரணம் போடட்டும்? தடமா, நன்கொடையா? ரெண்டுக்கும் விதியில இடம் இருக்கு."

அந்த விதியும் அவர் எழுதியதுதான். இந்த வயதில் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்றாம் வகுப்புப் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று ஊர் சிரித்தால்? மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"நன்கொடைன்னே போடும்மா," என்றார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? திட்டித் தீர்த்த மனுஷனே கைக்காசைப் போட்டுப் பள்ளியைக் காப்பாற்றிவிட்டார் என்று ஊரே கொண்டாடியது. பொன்னாடை போர்த்தினார்கள். பேரூராட்சித் தலைவர் மேடையிலேயே அறிவித்தார்: நன்கொடையாளரின் பெரிய மனசுக்கு மரியாதையாக, வகுப்பறையைப் பேரூராட்சியே புதுப்பித்துத் தரும். தணிகாசலம் இருந்த கூச்சத்தில் என்ன, ஏது என்று கேட்கவில்லை. காலாண்டு விடுமுறை முழுக்கப் பள்ளியில் ஆட்கள் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை, ஒன்பது மணிக்கே ஃபிலோமினா டீச்சர் லட்டு டப்பாவோடு மாடியேறி வந்தார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார். பிள்ளைங்களும் நானும் யோசிச்சோம். அப்போதான் உங்க பழைய மனு ஞாபகம் வந்துச்சு."

"எந்த மனு?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி கொடுத்தீங்களே சார். வகுப்புச் சத்தம் தாங்க முடியல, ஜன்னலை மூடணும்னு. விசிறி இல்லாம மூட முடியல, எனக்கு மனசு உறுத்திட்டே இருந்துச்சு. இப்போ ஏ.சி. போட்டு, ஒலிதடுப்புக் கண்ணாடியும் மாட்டிட்டோம். இனிமே ஒரு சத்தம் வராது. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

மனைவி இறந்த மாதத்தில் எழுதிய மனு அது. அப்போது எந்தச் சத்தமும் அவருக்கு ஆகவில்லை.

வேண்டாம்மா, திறந்து வையுங்கள் என்று வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்பார். நன்கொடை என்று பலகையில் ஒட்டியிருக்கிறதே.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார்.

டீச்சர் இறங்கிப் போனதும் சுவரில் இருந்த பேரூராட்சி மனுப்பெட்டியை எழுப்பினார். "வகுப்பறை ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்."

"காரணம்?" என்றது பெட்டி.

பலகையை நினைத்துக்கொண்டு, "காத்து," என்றார்.

"அறையில் குளிர்சாதனம் உள்ளதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. சத்தம் குறித்த தங்கள் முந்தைய மனு முழுமையாக நிறைவேற்றப்பட்டது. நன்றி."

ஒன்பதரை ஆனது. நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வாயைத் திறந்து மூடினார்கள். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். பத்து எழுந்து உட்கார்ந்தது. பதினொன்று எழவில்லை. டீச்சர் நிமிர்ந்து ஏதோ கேட்டார், முன்வரிசையில் ஒரு சிறுமி கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பதில் சொன்னாள், வகுப்பே சிரித்தது.

முகிலன் ஏன் வரவில்லை என்று தணிகாசலத்துக்கு யாரும் சொல்லவில்லை.