பத்தாம் வரிசை

ஆமணக்குக் கதிர்களில் பூ விரிந்து ஐந்து நாளாகிவிட்டது; ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. கோமளவல்லி துளிமானியின் ஊசியை இலைக்காம்பில் குத்திப் பார்த்தாள். செடிக்கு ஒரு நோயும் இல்லை என்றது கருவி. கரடிமேட்டின் முந்நூறு ஏக்கர் ஆமணக்குக்கும் துளி ஆலோசகர் அவள்தான். இந்த வெள்ளாமை படுத்துவிட்டால் ஊர் இனி அவள் பேச்சை எதற்கும் கேட்காது.

ஆமணக்குக் கதிரில் கீழே ஆண் பூ, மேலே பெண் பூ. காய்ப்பது பெண் பூ மட்டும். கதிர் முழுக்கப் பெண் பூவாகவே வந்தால் எண்ணெய் இரட்டிப்பாகும் அல்லவா? அதற்காக வந்ததுதான் ஏவல்துளி. அதில் மிதப்பவை பொடிப்பொடியான ஆர்.என்.ஏ. துணுக்குகள். ஆண் பூவை உண்டாக்கு என்று மரபணு உத்தரவு போடும்; துணுக்கோ தண்டோரா போடுகிறவன் வாயைப் பொத்திவிடும். உத்தரவு அப்படியே இருக்கும், சேதி மட்டும் போய்ச் சேராது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பத்தாவது வரிசைக்குத் தெளிக்கக் கூடாது. அந்த வரிசையின் மகரந்தத்தைத்தான் காற்று மற்ற ஒன்பதுக்கும் கொண்டுபோக வேண்டும்.

வீடு வீடாகப் போய் இதைத் தொண்டை வற்றச் சொன்ன கோமளவல்லி, தன் ஒன்றரை ஏக்கரில் மட்டும் பத்தாவது வரிசைக்கும் அடித்துவிட்டாள். ஊரே மகரந்தம் பறக்கவிடும்போது இவளுடையது எந்த மூலைக்கு? காற்றுக்கு யாராவது வேலி போட்டிருக்கிறார்களா? அன்றைக்கு அந்த யோசனை அவளுக்கு வெகு சாமர்த்தியமாகப் பட்டது.

அந்தக் காற்றைத்தான் இப்போது சோதித்தாள். கண்ணாடித் துண்டில் விளக்கெண்ணெய் தடவி வரப்போரம் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து உருப்பெருக்கியில் பார்த்தாள். தூசி இருந்தது, ஒரு கொசுவின் கால் இருந்தது. மகரந்தம் ஒரு பொட்டுகூட இல்லை. முந்நூறு ஏக்கர் ஆமணக்குக் காட்டின் மகரந்தம் எங்கே போயிருக்கும்? விசித்திரமாக இருந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்கு நடந்தாள்.

செங்கோடன் காட்டின் பத்தாவது வரிசையிலும் கதிர்கள் அடிமுதல் நுனிவரை பெண் பூவாகவே சிவந்திருந்தன. ஊசியைக் குத்தினாள். இலையில் ஏவல்துளி இருப்பதாகக் காட்டியது கருவி.

"ஏனுங்கண்ணா, பத்தாவது வரிசைக்கும் அடிச்சீங்களா?"

"டேங்குல கொஞ்சம் மிச்சமிருந்துச்சுங்க மேடம். கீழ ஊத்த மனசு வரலைங்க."

அடுத்த காட்டுக்காரி பாவாயி, ட்ரோன்மேல் பழியைப் போட்டாள். "நான் நிறுத்துன்னுதாங்க சொன்னேன். அது பாட்டுக்குப் போயிருச்சுங்க."

மத்தியானத்துக்குள் பதினோரு காடுகளைப் பார்த்துவிட்டாள். பதினோரு சாக்குகள் கிடைத்தன, ஒரு ஆண் பூ கிடைக்கவில்லை. குப்பைமேட்டில் தானாக முளைத்த செடிகளையும் புழு ஏறும் என்று போன வருஷமே பிடுங்கிவிட்டிருந்தார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். இவர்கள் இவ்வளவு ஒத்து வாழ்ந்திருக்க வேண்டாம். சிரிப்பு வந்தது.

அவள் திரும்பி வந்தபோது, அவளுடைய காட்டுப் படல் கதவுக்கு முன்னால் இருபது பேர் காகிதப் பைகளோடும் தூரிகைகளோடும் நின்றிருந்தார்கள். அவள் ஒவ்வொரு காடாகக் குத்திப் பார்த்த சேதி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"பூ வாட இன்னும் ரெண்டு நாள் இருக்குதுங்களே மேடம்," என்றார் செங்கோடன். "கொஞ்சம் மகரந்தம் உதுத்துக் குடுங்க. நாங்க கையாலயே தொட்டு வெச்சுக்கறோம்."

"என் காட்டுலயா?"

"பின்ன? யாரு விடாட்டியும் நீங்க பத்தாவது வரிசைய விட்டிருப்பீங்க. அந்தத் தைரியத்துலதானுங்க நாங்க அத்தன பேரும் அடிச்சோம்."

கோமளவல்லிக்கு முகம் எரிந்தது.

"நான் உங்கள நம்பி அடிச்சுட்டேங்கண்ணா," என்றாள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. செங்கோடன் காகிதப் பையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.