ஆறாம் நம்பர் ரூமில் கொத்தமல்லிச் சட்னி

“ஐயோஓஓ...”

அலறல் ஆறாம் நம்பர் ரூமிலிருந்து வந்தது.

சொர்ணலதா மாத்திரைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். மைசூரின் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம். அதற்குள் இப்படி ஓர் அலறலை அவள் கேட்டதில்லை. பில் கொடுக்கும் ஜன்னலருகே தவிர!

ஆயா கௌரம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கையில் திறந்த டிபன் டப்பா.

“என்னாச்சுங்கக்கா?”

“பொணம் இட்லி தின்னுடுச்சு, சிஸ்டரம்மா.”

“பொணமா? இங்க ஏதுங்கக்கா பொணம்?”

கௌரம்மா கட்டிலைக் காட்டினாள்.

“நேத்துலேர்ந்து கண்ணே தெறக்கல. பொணத்துக்கும் இதுக்கும் ஏனு வித்தியாசம்? ஜன்னல்ல டப்பாவ வெச்சுட்டு பினாயில் எடுக்கப் போனேன். வந்து பாத்தா இட்லி பூரா காலி. சட்னி மட்டும் அடியில கொஞ்சம் கெடக்கு.”

கட்டிலில் கிடந்தவனுக்குத் தலையில் பெரிய கட்டு. காலில் மாவுக்கட்டு. நஞ்சன்கூட்டில் மாடிப்படியில் உருண்டு, அங்கேயே யாரோ கட்டுப் போட்டு, நேற்று இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர். டாக்டர் எட்டிப் பார்த்து, “மயக்கம்... பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சொர்ணலதாவுக்கு இவனை மயக்கமில்லாமலும் தெரியும்.

உதயகுமார்!

ஒட்டகப் படம் போட்ட டை கட்டிக்கொண்டு அவளுடைய நர்சிங் ஸ்கூல் வாசலில் நின்றவன். சவூதியில் வேலை என்றான். விசா என்றான். “உங்க பாஸ்போர்ட்டுல விழற முதல் முத்திரை என் புண்ணியத்துலதான் சிஸ்டர் விழும்” என்றான். அவளும், அவளோடு படித்த ஆறு பேரும் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்கள்.

அதோடு சரி. ஆளும் இல்லை, டையும் இல்லை.

மற்ற ஆறு பேரும் போலீசில் புகார் கொடுத்தார்கள். சொர்ணலதா கொடுக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போனது ஹனூரில் சோளக்காட்டில் நிற்கும் அப்பாவுக்குத் தெரிந்தால், ரியாத்துக்கு அல்ல, பக்கத்து ஊர் ராமாபுரத்துக்குக்கூட அனுப்பமாட்டார்.

அவளுக்கோ போயே ஆகவேண்டும். ஹாஸ்டல் சுவரில் உலகப் படம் ஒட்டி வைத்திருப்பவள். கடலையே பார்க்காதவள். ரியாத்தில் கடல் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். பரவாயில்லை... போகும்போது மேலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்கு பெங்களூரில் இன்டர்வியூ. இது நிஜமானது. ரியாத் ஆஸ்பத்திரிக்காரர்களே வந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்கள் உள்ளேயே போக முடியாது.

அவளுடைய பாஸ்போர்ட் எங்கே என்று தெரிந்த ஒரே ஆள்... மயக்கத்தில்!

வராந்தாவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஹெட் கான்ஸ்டபிள் மல்லப்பனுடையது. இவனுக்கு நினைவு வந்ததும் பிடித்துக்கொண்டு போவதற்காகக் காவல் இருப்பவர். இப்போது காபிக்குப் போயிருந்தார்.

சொர்ணலதா குனிந்து நாடி பார்த்தாள்.

குதித்தது. மயங்கிக் கிடப்பவனின் நாடி இல்லை அது. பஸ்ஸைத் துரத்தியவனின் நாடி.

மீசையைப் பார்த்தாள். ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு. கொத்தமல்லி!

காலைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாவுக்கட்டுப் போட்ட காலின் விரல்கள் சூடாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பது அவளுடைய வேலை. இன்று காலை டியூட்டிக்கு வந்ததும் பார்த்திருந்தாள். ஜன்னல் பக்கக் கால். வலது கால்.

இப்போது கட்டு கதவுப் பக்கம் இருந்தது.

இடது கால்!

சொர்ணலதா பொதுவாகச் சத்தமாகப் பேசுகிறவள் அல்ல. இப்போது பேசினாள்.

“கௌரம்மாக்கா... பேஷன்ட் வயித்துல இட்லி எறங்கியிருக்குதுங். மயக்கத்துல இருக்கறவங்க வயித்துல சாப்பாடு தங்கக் கூடாதுங். எனிமா குடுத்துரலாமுங்.”

“குடுக்கலாமே. சின்ன கேனா, பெரிய கேனா?”

“இருக்கறதுலயே பெருசு எதுங்?”

“பிரசவ வார்டுல ஒண்ணு இருக்கு. ஆளுங்க பாத்தாலே அழுவாங்க.”

“அதையே எடுத்தாங்க. சோப்புத் தண்ணி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டுமுங். நானு புதுசு பாருங், கை நடுங்கும். ரெண்டு மூணு தடவ பண்ணோணும்.”

கட்டிலில் ஒரு கண் திறந்தது.

“சிஸ்டர்...” என்றது பொணம். “நல்லா இருப்பீங்க. அது மட்டும் வேணாம்.”

கௌரம்மா மறுபடி அலறப் போனாள். சொர்ணலதா அவள் வாயைப் பொத்தினாள்.

“என் பாஸ்போர்ட் எங்கீங்?”

உதயகுமார் வராந்தாவைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். மாவுக்கட்டின் மேல் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான். கட்டு பின்பக்கம் நீளவாக்கில் வெட்டப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றுகிற மாதிரி கழற்றினான்.

உள்ளே... பஞ்சுக்கு நடுவே... பாஸ்போர்ட்டுகள்!

“அவசரத்துல கால் மாத்தி மாட்டிட்டீங்களாட்டம் இருக்குதுங்.”

“பசி சிஸ்டர். ரெண்டு நாளா வெறும் குளுக்கோஸ். இட்லி வாசனை வந்தா வலது எது இடது எதுன்னு தெரியுமா?” குரலைத் தாழ்த்தினான். “இங்க பாருங்க. போலீசைக் கூப்பிட்டா இதெல்லாம் தொண்டிப் பொருள். கேஸ் முடிஞ்சு கோர்ட்டுலேர்ந்து வர்றதுக்குள்ள உங்களுக்குப் பேரனே பொறந்துடுவான். காலைல ஆயாகிட்ட சொல்லிட்டிருந்தீங்களே, அந்த இன்டர்வியூ போச்சு. என்னை இந்த ஜன்னல் வழியா விட்டுடுங்க. உங்களது உங்களுக்கு.”

சொர்ணலதா யோசித்தாள்.

“ஏனுங், நீங்க சவூதியெல்லாம் பாத்திருக்கீங்களா?”

“சவூதியா? நான் குண்டலுபேட்டையத் தாண்டினதில்ல, சிஸ்டர்.”

வராந்தாவில் பூட்ஸ் சத்தம். மல்லப்பன்!

“அந்த ஆறு பேரும் கம்ப்ளைன்ட் குடுத்தவீங்க. அவுங்களுது கேஸ்ல இருக்கட்டுமுங். நானு குடுக்கவே இல்லீங்களே.”

தன்னுடையதை உருவினாள். யூனிபாரத்தில் அதற்கேற்ற பாக்கெட் இல்லை. கௌரம்மா டப்பாவை நீட்டினாள். பாஸ்போர்ட் விரிந்தபடி உள்ளே விழுந்தது. மூடி ‘டக்’கென்று உட்கார்ந்தது.

“சார், பேஷன்ட்டுக்கு நெனவு வந்துருச்சுங்” என்றாள் வாசலைப் பார்த்து.

மல்லப்பன் உள்ளே வந்தார். கழன்று கிடந்த கட்டைப் பார்த்தார். உதயகுமாரைப் பார்த்தார்.

“பலே. நான் ரெண்டு நாளா கொசுக்கடி வாங்கினு வெளிய உக்காந்திருக்கேன். ராஜாவுக்கு உள்ள இட்லியா?”

பாஸ்போர்ட்டுகளை எண்ணினார். “ஆறு. கம்ப்ளைன்ட்டும் ஆறு. சரியா இருக்கு, நட.”

“சரியா இல்ல சார்!” உதயகுமார் துள்ளினான். “ஏழு இருந்துச்சு. சொர்ணலதான்னு ஒரு பொண்ணோடது. இந்த சிஸ்டர்தான்...”

சொர்ணலதா கட்டிலருகே இருந்த மருந்துத் தட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். யூனிபாரத்தில் குத்தியிருந்த பெயர்ப் பட்டை தட்டுக்குப் பின்னால் போனது.

மல்லப்பன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஓஹோ. ஏழாவதும் உண்டா? அதை எங்கே வித்தே?”

“விக்கல சார்!”

“கம்ப்ளைன்ட் இல்லாமலே ஒத்துக்கறியே, நல்ல பையன். அதையும் சேத்து எழுதிக்கறேன். நட, நட... ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு?”

போகிற போக்கில் உதயகுமார் டிபன் டப்பாவையே முறைத்தான். கௌரம்மா அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இன்னும் பசியா இவனுக்கு?” என்றாள் மல்லப்பனிடம்.

சாயங்காலம் பெங்களூர் ரயில் நகர்ந்த பிறகுதான் சொர்ணலதா டப்பாவைத் திறந்தாள். பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து, விசாவுக்கென்று காலியாக இருந்த முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

உதயகுமார் ஒரு வாக்கையாவது காப்பாற்றியிருந்தான்.

அவன் புண்ணியத்தில் முதல் முத்திரை விழுந்திருந்தது. வட்டமாக... பச்சையாக... கொஞ்சம் காரமாக!